எதிர்க்காற்றில் ஒரு வினைச்சொல்

பிழை திருத்துவது உபாத்தியாயர் தொழில். அத்தொழிலில் இருபது வருஷம் பழகிவிட்டால் சிவப்பு மை தானாகவே ஓடத் தொடங்கிவிடுகிறது. கண் பார்க்கு முன்னே கை திருத்திவிடுகிறது. சென்ற வாரம் காற்புள்ளியைக் குறித்து நேயர்களுக்கு உபதேசம் செய்த நாம், இந்த வாரம் நம் கை திருத்திய ஒரு சொல்லைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. சொல் சரி, திருத்தியதுதான் பிழை.

பாம்பன் பக்கத்துக் கடற்கரைக் குடும்பத்துப் பையன் ஒருவன், 1922-ஆம் வருஷத்து நிகழ்ச்சிகளைக் குறித்து ஆங்கிலத்தில் ஒரு வியாசம் எழுதினான். சௌரி சௌராவில் காவல் நிலையம் எரிந்து போலீஸார் மாண்ட பின், காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்திய கட்டம் வந்தது. அந்த இடத்தில் அவர் ‘டாக்’ செய்தார் என்று ஒரு வினைச்சொல்லைப் போட்டிருந்தான். டி, ஏ, சி, கே; நான்கே எழுத்து. நமக்குத் தெரிந்த ‘டாக்’ என்பதோ தட்டைத் தலை வைத்த சிற்றாணி. மகாத்மா எங்கே ஆணி அடித்தார்? சாதுரியம் என்று பொருள்படும் ‘டாக்ட்’ என்னும் சொல்லைத்தான் பையன் மனத்தில் வைத்திருக்கிறான், கடைசி எழுத்தைக் கோட்டை விட்டுவிட்டான் என்று நாமே தீர்மானித்து, ‘காந்தியடிகள் தம் டாக்ட்டை மாற்றினார்’ என்று வாக்கியத்தையே புதுப்பித்துக் கொடுத்தோம். ஒரு மார்க்கும் குறைத்தோம். பையன் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை வாங்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டான்.

சில வாரங்களுக்குப் பின் அவன் வீட்டுக்குப் போக நேர்ந்தது. திண்ணையில் அவன் பாட்டனார் வலை முடைந்துகொண்டிருந்தார். இயந்திரப் படகுகள் வருமுன் பாய் வைத்த வள்ளத்தில் தொழில் செய்தவர். பேச்சு காற்றைப் பற்றித் திரும்பிற்று. வாடை எதிரே அடித்தால் வடக்கே எப்படிப் போவீர்கள் என்று கேட்டோம்.

“நேரே போவ முடியாது, வாத்தியாரய்யா. இந்தப் பக்கம் கொஞ்சம் ஓடணும், பாயை மாத்திப் போட்டு அந்தப் பக்கம் கொஞ்சம் ஓடணும். கரையில நிக்கிறவனுக்கு நாம எங்கேயோ போற மாதிரித்தான் தெரியும். ஆனா போற எடம் ஒண்ணுதான்” என்றார் பெரியவர்.

பையன் கதவோரம் நின்றுகொண்டிருந்தான். “தாத்தா சொல்றதுக்கு இங்கிலீஷ்ல என்ன வார்த்தைன்னு அகராதியில தேடினேன், சார். அதைத்தான் எழுதினேன்” என்றான், தரையைப் பார்த்தபடி.

வீடு திரும்பியதும் அகராதியைப் புரட்டினோம். புரட்டப் புரட்ட, பையன் அந்தச் சொல்லை நம்மைக் காட்டிலும் நன்றாக அறிந்திருக்கிறான் என்பது விளங்கிற்று.

அந்தச் சொல்லின் பூர்வோத்தரம் ருசிகரமானது. பிடித்து மாட்டும் கொக்கி, ஆணி என்ற பொருளில்தான் அது பிறந்தது. பாயின் கீழ் மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றுக்கு மாலுமிகள் அப்பெயரை இட்டார்கள். கயிற்றின் பெயர் மூலைக்கு ஆயிற்று. அந்த மூலை எந்தப் பக்கம் கட்டப்பட்டிருக்கிறதோ அதைப் பொறுத்த கப்பலின் போக்குக்கு ஆயிற்று. முடிவில் அந்தப் போக்கை மாற்றும் செயலுக்கும் ஆயிற்று. நம் ஆணியும் பையனுடைய கப்பலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்தபோது நமக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

பாய்க்கப்பல் எதுவும் காற்று வரும் திசைக்கு நேர் எதிரே ஓடாது. நல்ல பாய் அமைந்த படகுகூடக் காற்றுக்கு ஏறக்குறைய 45 பாகை ஒதுங்கித்தான் ஓட முடியும். ஆகவே வலப்புறம் ஒதுங்கிச் சிறிது தூரம், பிறகு முகப்பைக் காற்றின் குறுக்கே திருப்பி இடப்புறம் ஒதுங்கிச் சிறிது தூரம் என்று வாய்க்கால் வளைவதுபோல் வளைந்து முன்னேறுகிறார்கள். அந்தத் திருப்பம்தான் ‘டாக்’. முகப்புக்குப் பதிலாகப் பின்புறத்தைக் காற்றின் குறுக்கே திருப்பினால் அதற்கு ‘ஜைப்’ என்று பெயர். அதையும் ‘ஜைவ்’ என்னும் நடனத்தையும் ஆங்கிலேயரே குழப்பிக்கொள்கிறார்கள். அந்தக் கதை வேறொரு வாரத்துக்கு இருக்கட்டும்.

‘டாக்ட்டை மாற்றினார்’ என்று எழுதுவதும் நம்மோடு நின்ற பிழையன்று. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே தாராளமாகச் செய்கிறார்கள். காரணம் காதில் இருக்கிறது. ‘டாக்’ என்னும் வினையின் இறந்தகால வடிவத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அதுவும் ‘டாக்ட்’ என்றே ஒலிக்கும். எழுத்து வேறு, பொருள் வேறு, ஓசை ஒன்று. சாதுரியத்தைக் குறிக்கும் சொல், தொடுதல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கடலுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பிறர் மனம் நோகாமல் பேசத் தெரிந்தவனிடம் அது இருக்கும்; தெரியாதவனிடம் இராது. அதை யாரும் மாற்றிக்கொள்ள முடியாது.

வினையாக எழுதும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கொள்கையை ‘டாக்’ செய்தார் என்பது ஒட்டாது. ‘டாக்’ செய்வது பயணி, அவன் மூட்டையன்று. அந்தச் சொல்லுக்குப் பின் ‘ஆன்’ என்ற சிறுசொல் சேர்ந்துவிட்டாலோ பொருளே மாறி, பின்னால் ஒட்டவைத்தல் என்று ஆகிவிடும். ‘டிராக்கை மாற்றினார்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது தண்டவாளச் சமாசாரம். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலமானாலும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலமானாலும், ரயில் அதன்மேல் இஷ்டம்போல் வளைந்து போக முடியாது. போட்ட பாதையில்தான் போகவேண்டும். அதே பாலத்தின் கீழே பாய் விரித்துப் போனவனுக்குப் போட்ட பாதை என்று ஒன்று கிடையாது.

திசை மாறுவதைக் குறிக்க ‘வியர்’ என்று மற்றொரு வினையும் இருக்கிறது. காற்றைக் குறித்துச் சொன்னால் அது கடிகார முள் சுற்றும் பக்கமாகத் திரும்பிற்று என்பது வானிலை அறிஞர் கொள்ளும் பொருள்: வாடை கொண்டலாகி, கொண்டல் தென்றலாவதுபோல. மனிதரையோ வண்டியையோ குறித்துச் சொன்னால், போன வழியைவிட்டு விலகிற்று என்று மட்டும் பொருள். விலகியது எங்கே போய்ச் சேரும் என்பதைப் பற்றி அந்தச் சொல்லுக்குக் கவலையில்லை. ‘டாக்’ அப்படியன்று. எதிர்க்காற்று ஒன்று இருக்கவேண்டும். சேரவேண்டிய துறை மாறாதிருக்கவேண்டும்.

இந்த வேற்றுமை இலக்கணத்தோடு நின்றுவிடவில்லை. 1922 டிஸம்பரில் கயா காங்கிரஸில் சட்டசபைக்குள் நுழைவதா வேண்டாமா என்று பெரும் போர் நடந்தது. நுழையவேண்டும் என்ற சித்தரஞ்சன தாஸும் மோதிலால் நேருவும் ‘புரோ-சேஞ்சர்’கள். வேண்டாம் என்று எதிர்த்து நின்ற ‘நோ-சேஞ்சர்’களுக்கு நம் ராஜாஜி முன்னணித் தலைவர். தோற்ற தாஸ் கட்சியார் 1923 தொடக்கத்தில் சுயராஜ்யக் கட்சியை நிறுவினார்கள். நம் ராமநாதபுரம் ஜில்லாவில் பிறந்த எஸ். சீனிவாச ஐயங்காரும், சத்தியமூர்த்தியும் சென்னை மாகாணத்தில் அக்கட்சியின் தூண்களாக இருந்தார்கள். மாறக்கூடாது என்ற ராஜாஜியோ 1937-இல் அதே சட்டசபையின் வழியாகச் சென்னை மாகாணத்துப் பிரதம மந்திரியானார். அவர் விலகிப் போனாரா, பாயை மாற்றினாரா? 1939-இல் இந்தியர்களைக் கேளாமலே இந்தியாவை யுத்தத்தில் இழுத்துவிட்டபோது காங்கிரஸ் மந்திரிசபைகள் பதவியைத் துறந்தன. அவர் மந்திரிசபையும் துறந்தது. ஆகையால் நாம் ‘டாக்’ என்றே எழுதுவோம். ‘வியர்’ என்று எழுதுகிறவர்கள் அவர் சேரவேண்டிய துறையையே மறந்தார் என்று குற்றம் சாட்டுகிறார்கள். அப்படிச் சாட்ட விரும்பினால் தாராளமாகச் சாட்டட்டும், ஆனால் தெரிந்தே சாட்டட்டும்.

இனி, பையனுடைய வாக்கியம். 1922 பிப்ரவரியில் காந்தியடிகள் இயக்கத்தை நிறுத்தியபோது, சிறையிலிருந்த மோதிலால் முதலியோரே மனம் கசந்தார்கள். கரையில் நின்றவர்களுக்குப் படகு எங்கேயோ போவதுபோல் தெரிந்தது. அவர் துறையோ மாறவில்லை; 1930-இல் தண்டியில் உப்பை எடுத்தது அதே துறையை நோக்கித்தான். ஆறே எழுத்தில் சொல்ல வேண்டியதைப் பதினாறு வயதுப் பையன் நான்கே எழுத்தில் சொல்லியிருந்தான். அதைத்தான் நாம் அடித்துவிட்டோம்.

மறுநாள் வகுப்பில் அந்த நோட்டைக் கேட்டு வாங்கி, நம் சிவப்பு மையின்மேல் நாமே கோடு கிழித்து, பிடித்த மார்க்கைத் திருப்பிப் போட்டோம். பிள்ளைகளுக்கும் காரணத்தைச் சொன்னோம். பையன் நோட்டைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து நின்றான்.

“சார், எதிர்க்காத்து எதுன்னு நான் எழுதவே இல்லையே. அதுக்கு ஒரு வரி சேர்த்துக்கட்டுமா?” என்று கேட்டான்.

சேர்த்துக்கொள்ளச் சொன்னோம்.