லோஹ்ரி: கோதுமைக்கு முன், கரும்போடு

லோஹ்ரியைப் ‘பஞ்சாபின் பொங்கல்’ என்று சொல்லிவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது பாதிதான் சரி. தை பிறக்கும்போது நம் பக்கம் புதுநெல் வீட்டுக்கு வந்துவிடும். பஞ்சாபிலோ ஜனவரி 13 அன்று கோதுமை பச்சைப் பயிராகவே நிற்கும். நவம்பரையொட்டி விதைத்தது ஏப்ரலில்தான் முற்றும். அந்த அறுவடைக்குரிய திருநாள் வைசாகி.

லோஹ்ரி சமயத்தில் வெட்டுக்கு வருவது கரும்பு. அன்று கைக்குக் கை மாறும் எள் மிட்டாயான ரேவ்ரி, கஜக், வெல்லம் எல்லாவற்றிலும் அதன் இனிப்புதான். கரும்புச்சாற்றில் அரிசியிட்டு இரவே பாயசம் காய்ச்சி, மறுநாள் மாகித் திருநாளன்று உண்பார்கள்.

அன்று மாலை மூட்டும் நெருப்பும் நம் போகியைப் போலப் பழையதைக் கழிப்பதற்கு அல்ல. குளிர் எலும்பைத் தொடும் அந்த இரவில் எள்ளும் வெல்லமும் சோளப்பொரியும் தீயிலிட்டு, நல்விளைச்சல் வேண்டிச் சுற்றி வருகிறார்கள்.

இந்துக்களும் சீக்கியர்களும் ஒரே நெருப்பைத்தான் சுற்றுகிறார்கள். பிள்ளைகள் வீடுவீடாகப் பாடிச் சென்று தின்பண்டமும் காசும் கேட்கும் பாட்டின் நாயகனோ ஒரு முஸ்லிம்: அக்பர் காலத்தில் முகலாய ஆட்சியை எதிர்த்து, லாகூரில் தூக்கிலிடப்பட்ட துல்லா பட்டி. கடத்தப்படவிருந்த ஏழைப் பெண்களை மீட்டு, தந்தை இடத்தில் நின்று அவர்களுக்கு மணமுடித்து, சர்க்கரையைச் சீராகத் தந்தான் என்கிறது நாட்டார் கதை. மத எல்லை பார்க்காமல் ஒருவனை இத்தனை தலைமுறை நினைவில் வைத்திருப்பதே இவ்விழாவின் பெருமை என்பேன்.

பெண்களைக் காத்தவனைப் பாடும் இந்த நாளில் புதுமணத் தம்பதிக்கும் பிறந்த குழந்தைக்கும் முதல் லோஹ்ரி விமரிசையாக நடக்கும். ஆனால் அந்தக் குழந்தை நெடுங்காலம் ஆண் குழந்தையாகவே இருந்தது. 2001 கணக்கெடுப்பில் பஞ்சாபில் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 798 பேர்தான், 2011-இல் 846. இப்போது மகள்களின் லோஹ்ரி என்றே தனியாகக் கொண்டாடத் தொடங்கியிருக்கிறார்கள். துல்லா பட்டியின் பாட்டுக்கு நேர்மையான லோஹ்ரி இதுதான். அது ஒவ்வொரு வீட்டிலும் நடக்க வேண்டும்.