உளி இல்லாமல் கோயிலா?

செஞ்சிக்கு அருகே மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மனின் கல்வெட்டு இருக்கிறது: செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி எடுத்த கோயில் என்று. சரிதான். ஆனால் பாறை இருந்தது; குடைய உளியும் இருந்தது.

‘ஆல்ஃபாஃபோல்டு வந்தாச்சு, இனி புரதப் படிகம் எதுக்கு, எக்ஸ் கதிர் எதுக்கு?’ என்பவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். அந்த மென்பொருள் எதைப் படித்துத் தேறியது? 1971 முதல் புரதத் தரவு வங்கியில் சேர்ந்த, பெரும்பாலும் எக்ஸ் கதிரால் கண்டறிந்த கட்டமைப்புகளை. அதுவே அதன் பாறை.

அந்தப் பாறை சும்மா வரவில்லை. முரண்டுபிடிக்கும் படிகம் முழுத் தரவு தருமுன்பே கதிர் பட்டுக் கெட்டுவிடும். பல படிகங்களின் துண்டுத் தரவை ஒன்றாக்க வேண்டும். ரைபோசோம் படிகங்களை உறைகுளிரில் வைத்துத் தரவெடுக்க வழிகண்டவர் அடா யோனத். 1980 வாக்கில் முதல் படிகங்கள்; அணு அளவிலான கட்டமைப்பு 2000இல்தான். 2009இல் அவரோடும் தாமஸ் ஸ்டைட்ஸோடும் நோபலைப் பகிர்ந்தவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன்.

பரிசு வந்தால் ஊர்ப்பெயர் சொல்லிக் கொண்டாடுகிறோம். மங்கலாகச் சிதறும் படிகத்தோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டும் ஆய்வு மாணவியைப் பார்த்து, ‘கம்ப்யூட்டர் போதாதா?’ என்கிறோம். போதாது. கம்ப்யூட்டர் தருவது கணிப்பு. மருந்து மூலக்கூறு புரதத்தில் எங்கே, எப்படி ஒட்டுகிறது என்று உறுதிசெய்ய மறுபடி சோதனைக்குத்தான் போகவேண்டும். உளியைப் பிடுங்கிக்கொண்டு கோயில் கேட்டால் எப்படி?