ஆள் பாதி, ஆடை பாதி... அறிவு?



'ஆள் பாதி, ஆடை பாதி'ன்னு பெரியவங்க சொல்லி வச்சுட்டாங்க. இரண்டையும் கூட்டினால் முழுசா ஒண்ணு ஆகிவிடுகிறது. அப்படியானால் அறிவுக்கு எங்கே இடம்? இந்தக் கேள்வியை எழுப்பிவிட்டு, பதில் சொல்லும்போது சறுக்கிய ஒரு தொலைக்காட்சித் தொடர் உண்டு.

2003-ல் சோனி தொலைக்காட்சியில் தொடங்கி 2006-ல் முடிந்த 'ஜஸ்ஸி ஜைஸி கோயி நஹீ' என்ற இந்தித் தொடர்தான் அது. 'ஜஸ்ஸியைப் போல் யாருமில்லை' என்று பொருள். கதை நடப்பது ஒரு ஃபேஷன் நிறுவனத்தில். மாடல் அழகிகள் உலா வரும் அந்த ஆபீஸுக்குத் தடித்த கண்ணாடியும் பல்லில் கம்பியுமாக வேலைக்கு வருகிறாள் நடுத்தரக் குடும்பத்து ஜஸ்ஸி. நடித்தவர் மோனா சிங். கேலியும் கிண்டலும் கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் முதலாளி நம்பி நிற்பது அவள் மூளையைத்தான்!

இதன் மூலக்கதை 1999-ல் கொலம்பியா நாட்டில் வந்த 'பெட்டி' தொடர். அந்தப் பெட்டியும் நிதிக் கணக்கில் புலி.

சரி, பிறகு என்ன செய்தார்கள்? இரண்டு பேரையும் தோற்றத்தை மாற்றி அழகியாக்கினார்கள்! உழைப்பு ஜெயிக்கும்னு ஆரம்பிச்ச கதை, அழகானால்தான் ஜெயிப்புன்னு சொன்னா எப்படி? அமெரிக்காவில் 2006 முதல் 2010 வரை வந்த 'அக்ளி பெட்டி'யில் பல் கம்பி மட்டும் கழன்றது. ஆள் தலைகீழாக மாறவில்லை. லண்டனில் கிடைத்த வேலைதான் அவளுக்குப் பரிசு. என் ஓட்டு அந்த முடிவுக்கே!

'இன்டர்வியூவுக்கு நீட்டாப் போக வேண்டாமா?' என்று கேட்பீர்கள. போகணும். துவைத்த சட்டை, சீவின தலை... அது ஒழுங்கு. ஆனா சிவப்பா இருக்கணும், ஒல்லியா இருக்கணும்கிறது ஒழுங்கா? 1975-ல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு 2020-ல் 'குளோ அண்ட் லவ்லி' ஆனது. பெயர் மாறிச்சு, நம்ம மனசு மாறிச்சா? வீட்டில் முதல் ஆளாய்ப் படிக்க வந்து, நிறத்தையும் சட்டையையும் நினைத்துக் கடைசி பெஞ்சில் ஒடுங்குகிறவர்கள் நம்மிலேயே எத்தனை பேர்!

இன்னொன்று. ஃபேஷன் கதை என்றாலே மேடையில் நடப்பவரைத்தான் காட்டுகிறார்கள். நம்ம ஆண்டிபட்டிப் பக்கம் சக்கம்பட்டியில் சேலை நெய்கிற கையை யார் காட்டுகிறார்கள்? அந்தக் கை இல்லாவிட்டால் மேடை ஏது, மாடல் ஏது?

நண்பர்களே, நாமும் செய்கிற கைகளின் கூட்டம்தான். லேத்துக்கு நம்ம நிறம் தெரியாது. மைக்ரோமீட்டர் முகம் பார்க்காது. அளவு சரியான்னுதான் பார்க்கும். மனிதர்களும் அப்படிப் பார்க்கப் பழகட்டும். முதலில் நாம் பழகுவோமா?

– இரண்டாமாண்டு மாணவி, இயந்திரவியல் துறை