மழைநீருக்குப் போக்கிடம்

வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழையிலேயே சென்னையின் பல குடியிருப்புத் தெருக்களில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறிவிடுகிறது. சாக்கடையோடு கலந்த அந்த நீர் வாசற்படியைத் தாண்டி வீட்டுக்குள் வருகிறது. சம்புக்குள் இறங்கிக் குடிதண்ணீரைக் கெடுக்கிறது. மின்சாரம் நிறுத்தப்படுவதால் மோட்டார் ஓடாது. நோயாளியை அழைத்துப் போக ஆட்டோ வராது. வடிந்த பிறகு எலிக்காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் சேற்றுப்புண்ணும் தலைகாட்டுகின்றன. ஒரு நாள் மழைக்குக் குடும்பங்கள் பல வாரம் அல்லல்படுகின்றன.

தெருவில் விழும் நீரின் அளவு சாதாரணமானதன்று. ஒரு தெருவும் அதன் இருபுற மனைகளும் சேர்ந்து ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர், என்று கொண்டால், 10 செ.மீ. மழையில் அங்கே சேரும் நீர் 10 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகளில் ஏற்றினால் 84 லாரிகள் வேண்டும். மண் தரையும் தோட்டமும் இருந்த காலத்தில் இதில் கணிசமான பங்கு நிலத்துக்குள் இறங்கியது. வாசல் முதல் கொல்லைப்புறம் வரை சிமென்ட் பூசியபின், பெரும்பகுதி தெருவுக்கே வந்து சேர்கிறது.

அப்படி வரும் நீர் வேகமாக ஓடிவிடும் நிலமும் இல்லை. கடலோரச் சமவெளியான சென்னையின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. பல குடியிருப்புகள் ஏரிகளின் உள்வாயில் எழுந்தவை. தியாகராய நகர் 1920களில் மாம்பலத்தின் நீண்ட ஏரியைத் தூர்த்து உருவாக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடும் நுங்கம்பாக்கத்தின் லேக் ஏரியாவும் அந்த ஏரியின் நினைவைப் பெயரில் சுமக்கின்றன. 2021 நவம்பரில் ஒரே இரவில் 20 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியபோது தியாகராய நகர்த் தெருக்களில் நாள்கணக்கில் நீர் தேங்கியது. நீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்தது.

பள்ளத்தில் இருக்கும் வீடுகளை மேலும் பள்ளமாக்குவது சாலைப் பணி. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய தார் போட்டால், ஒவ்வொரு முறையும் நான்கைந்து செ.மீ. உயரம் கூடும். ஏழெட்டு முறையில் தெரு ஓர் அடி உயர்ந்து, வீடு ஓர் அடி தாழ்ந்துவிடும். பழைய மேற்பரப்பைச் சுரண்டிய பிறகே சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். பல தெருக்களில் மட்டம் அதற்கு முன்பே உயர்ந்துவிட்டது.

அடுத்தது மழைநீர் வடிகால். அதன் அடித்தளம் தெருத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை சீராகச் சரிய வேண்டும். நடுவில் ஓரிடம் மேடானாலும் பின்னால் உள்ள நீர் நின்றுவிடும். சாலையிலிருந்து நீர் இறங்கும் வாய்கள் வண்டலாலும் பிளாஸ்டிக் பைகளாலும் அடைபடுகின்றன. மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாகக் கழிவுநீரை விடுவதால், மழை தொடங்கும் முன்பே அது பாதி நிறைந்திருக்கிறது. தண்ணீர் சீக்கிரம் வடியட்டும் என்று மக்கள் மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுவதும் நடக்கிறது. கழிவுநீருக்கு மட்டுமே போடப்பட்ட அந்தக் குழாய் மழைநீரைத் தாங்காது. கழிவு கழிப்பறை வழியே வீட்டுக்குள் எதிர்த்து வரும்.

எல்லாம் சரியாக இருந்தும் வடிகால் போய்ச் சேரும் இடம் அடைபட்டிருந்தால் பயனில்லை. தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குச் சென்று, முட்டுக்காட்டில் கடலை அடைய வேண்டும். கட்டடங்களும் குப்பைமேடும் அந்தச் சதுப்பை அதன் பழைய பரப்பில் சிறு பகுதியாகச் சுருக்கிவிட்டன. 2022இல் அது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அதாவது ராம்சார் தலமாக, அறிவிக்கப்பட்டது. ஆயினும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கின. கடல் ஏற்றத்தில் இருக்கும் நேரத்தில் முகத்துவாரங்களும் நீரை எளிதில் வெளியே விடுவதில்லை.

ஒரே தெருவின் நீருக்குப் பல துறைகள் பொறுப்பு. உட்புறத் தெருவின் வடிகால் மாநகராட்சியிடம், கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்திடம், பெரிய சாலை பல இடங்களில் நெடுஞ்சாலைத் துறையிடம், ஆறும் பெருங்கால்வாயும் நீர்வளத் துறையிடம் உள்ளன. புகார் கொடுக்கும் குடியிருப்போர் ஒவ்வோர் அலுவலகமாக அலைகிறார்கள். ஒரு வடிநிலத்துக்கு ஓர் அதிகாரி பொறுப்பேற்காத வரை இந்த அலைச்சல் ஓயாது.

பணியின் வரிசையும் மாற வேண்டும். முதலில் கால்வாயும் மடுவும் அகலமாக வேண்டும், பிறகு பெருவடிகால், கடைசியில் தெரு வடிகால். தெருவில் மட்டும் புதிய கான்கிரீட் கால்வாய் கட்டினால், அது நீர் நிற்கும் இன்னொரு தொட்டியாகிவிடும். தூர்வாரிய மண்ணைக் கரையிலேயே குவிக்காமல் அன்றே அகற்ற வேண்டும்; இல்லையெனில் முதல் மழையில் அது மறுபடியும் வடிகாலுக்குள்ளேயே இறங்கும். கழிவுநீர் இணைப்புகளைத் துண்டிக்கும்போதே அந்த வீடுகளுக்கு முறையான இணைப்பும் தரப்பட வேண்டும். இவற்றுக்கு ஏற்ற காலம் தை முதல் ஆவணி வரை. ஐப்பசியில் தோண்டிய பள்ளம் ஆபத்தையே தரும்.

குடியிருப்போர் கையிலும் ஒரு சான்று இருக்கிறது. வெள்ளம் வடிந்த சுவரில் தங்கும் கறை, அந்தத் தெருவில் நீர் ஏறிய மட்டத்தைத் துல்லியமாகக் காட்டும் கோடு. தேதியோடும் உயரத்தோடும் அதைக் குறித்து வைத்து, வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில் முன்வைக்கலாம். பொறியாளர் வரைபடம் போடும்போது அந்தக் கோடும் அதில் இடம்பெற வேண்டும்.