விண்டோஸ் 10 நின்றது: யாரிடம் சொன்னார்கள்?

வண்டன்மேட்டில் ஏலக்காய் வியாபாரம் கம்ப்யூட்டருக்கு மாறிப் பல வருஷங்களாகிவிட்டன. 2007-ல் மின்னணு ஏலம் வந்தது. எஸ்டேட் ஆபீசுகளில் நம்மவர்கள் பற்றுவரவு பார்ப்பதும் சம்பளப் பட்டியல் போடுவதும் அதில்தான். ஆகவே, மைக்ரோசாஃப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-ஐக் கைவிட்டதை அமெரிக்கச் சமாசாரம் என்று தள்ளிவிட முடியாது.

மெஷின் நின்றுவிடவில்லை, அதுதான் சங்கடம். நின்றிருந்தால் முதலாளியே விசாரித்திருப்பார். காலையில் பொத்தானை அழுத்தினால் வழக்கம்போல் திரை வருகிறது. புதிதாகத் தெரியவரும் ஓட்டைகளை இலவசமாக அடைத்துத் தரும் வேலை மட்டும் நின்றுபோயிற்று.

கம்பெனி சொல்லவில்லையா? சொன்னது. ஆனால் 2015-ல் அதன் ஊழியர் ஒருவர் மாநாட்டு மேடையில், இதுவே கடைசி விண்டோஸ் என்று பேசியது உலகெங்கும் செய்தியாயிற்று. கம்பெனி அதை மறுக்க முனையவில்லை. 2021-ல் விண்டோஸ் 11 வந்தது. அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் புதிய பிராசசரும் வேண்டும் என்றார்கள். 2017-க்கு முன் வாங்கிய மெஷின்களில் பெரும்பாலானவை தேறவில்லை.

பிறகு தகவல் தவணை முறையில் வந்தது. 2023 டிசம்பரில், பணம் கட்டினால் பாதுகாப்பு நீளும் என்றார்கள், விலை சொல்லவில்லை. 2024 அக்டோபர் கடைசியில், தனிநபருக்கு ஓராண்டுக்கு 30 டாலர் என்றார்கள். கெடுவுக்கு நான்கு மாதம்கூட இல்லாத 2025 ஜூனில், மெஷினின் அமைப்புகளைக் கம்பெனியின் சேமிப்பில் போட்டுவைப்போருக்கு இலவசம் என்றார்கள். ஐரோப்பாவில் நுகர்வோர் சங்கங்கள் குரல் எழுப்பவே, செப்டம்பரில் அங்கே அந்த நிபந்தனையும் தளர்ந்தது. இந்தியாவுக்கு அந்தத் தளர்வு இல்லை. முதல் அறிவிப்பை நம்பிக் கடன் வாங்கிப் புது மெஷின் எடுத்தவருக்கு நஷ்டம்; சும்மா இருந்தவருக்கு லாபம். இதை அறிவிப்பு என்று எப்படிச் சொல்வது?

நாம் பிழைக்க வந்த மாநிலம் இதில் முன்யோசனையுடன் நடந்திருக்கிறது. கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் பழகுவது, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ். தமிழக அரசும், 2014-ல் விண்டோஸ் எக்ஸ்பி நின்றபோது, சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸை அலுவலகங்களுக்குப் பரிந்துரைத்தது. ஆனால் கணக்கு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும் என்னும் ஆபீசுக்கு இந்த வழி எளிதல்ல.

தனிநபர் சலுகை 2026 அக்டோபர் 13 வரை என்றே அறிவிக்கப்பட்டது. நிறுவனங்களுக்குக் கட்டணம் வேறு: மெஷின் ஒன்றுக்கு முதல் ஆண்டு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டுகளில் இரட்டிப்பு, மூன்று ஆண்டோடு சரி. அதைக் கட்ட வேண்டியவர் முதலாளி. ஆனால் கணக்கில் பணம் பறிபோனால் முதல் கேள்வி, பாஸ்வேர்டு வைத்திருக்கும் கிளார்க்கிடம்தான் வரும். ஆபீஸ் மெஷினில் இன்னும் விண்டோஸ் 10 இருக்குமானால், அதை நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, தேதியிட்ட நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.