பாம்புக்கு எல்லை தெரியாது, அதன் விஷத்துக்கு ஊர் தெரியும்

1/
கொஞ்ச நாளாகப் பாம்புக்கடி பற்றி ஒன்று மாற்றி ஒன்று செய்தி வருது. "ஏ.ஐ. வடிவமைத்த விஷமுறிவு", "எல்லாப் பாம்புக்கும் ஒரே ஊசி" என்று தலைப்பு. அதை எனக்கே அனுப்பி, "டாக்டர், இனிமே பயமில்லைதானே?"ன்னு கேக்குறாங்க. திருத்தணி பக்கம் வைத்தியம் பார்க்கிறவன் என்ற முறையில் என் கருத்து. நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/
முதல்ல கணக்கு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர். வருஷத்துக்குச் சராசரி 58,000. 2020ல் வெளியான ஆய்வு இது. இறப்புகளில் 70 சதவீதம் எட்டு மாநிலங்களில். அதில் ஒன்று பழைய ஒருங்கிணைந்த ஆந்திரா. அதாவது நம்ம பக்கத்து வீடு.

3/
2017ல் உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2030க்குள் சாவைப் பாதியாகக் குறைக்க மத்திய அரசு மார்ச் 2024ல் செயல்திட்டம் வெளியிட்டது. நவம்பர் 2024ல் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. நல்ல முடிவு. எண்ணாத சாவுக்கு மருந்து ஒதுக்க முடியாது.

4/
நம்ம ஊரில் உயிரை எடுப்பவை பெரும்பாலும் நாலு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். முதல் ரெண்டும் நரம்பை அடிக்கும். கண் இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சு நிற்கும். விரியன் ரெண்டும் ரத்தத்தை உறைய விடாது. கண்ணாடி விரியன் கிட்னியையும் சேர்த்துக் கெடுக்கும்.

5/
இந்த நாலுக்கும் சேர்த்து நம்மிடம் இருப்பது ஒரே மருந்து, ஏ.எஸ்.வி. விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குப் போடுவாங்க. குதிரையின் உடம்பு எதிர்ப்புப் புரதம் தயாரிக்கும். அதைப் பிரித்தெடுத்துக் குப்பியில் அடைப்பாங்க. 1895ல் பிரெஞ்சு விஞ்ஞானி கால்மெட் தொடங்கிய முறை. 130 வருஷம் ஆகியும் அடிப்படை மாறவே இல்லை.

6/
தன் மருந்து எல்லாப் பாம்புக்கும் கேட்கும் என்று கால்மெட் நம்பினார். ஆஸ்திரேலியப் பாம்புகளிடம் அது பலிக்கவில்லை என்று சார்லஸ் மார்ட்டின் காட்டினார். எந்த விஷத்தைக் குதிரைக்குக் கொடுத்தோமோ அந்த விஷத்துக்குத்தான் மருந்து. இந்த ஒரு வரியை மனசுல வெச்சுக்கோங்க. மீதி இழை முழுக்க இதுதான்.

7/
அப்போ இந்தியா முழுக்கப் போகும் மருந்துக்கு விஷம் எங்கிருந்து வருது? பெரும்பகுதி நம்ம சென்னைக்குப் பக்கத்திலிருந்து. வடநெம்மேலியில் 1978ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். பாம்பைப் பிடித்து வந்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்து, அடையாளம் போட்டு மறுபடியும் விட்டுடுவாங்க. கொல்வதில்லை.

8/
அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டியவர்கள். தடயம் பார்த்து, வளை பார்த்து, இந்தப் பொந்தில் பாம்பு இருக்கா இல்லையான்னு சொல்லும் அறிவு எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது.

9/
இப்போ சிக்கலுக்கு வருவோம். ஒரே இனப் பாம்பாக இருந்தாலும் விஷம் ஊருக்கு ஊர் மாறுது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் குழு பல வருஷமா இதைத்தான் ஆராயுது. 2025ல் வந்த கட்டுரையில் 34 இடங்களிலிருந்து 115 கண்ணாடி விரியன்களின் விஷத்தைப் பரிசோதித்தாங்க. வெப்பம், மழை இதுக்கெல்லாம் ஏற்ப விஷத்தின் கலவை மாறுது. வறண்ட பகுதிப் பாம்புகளில் புரதத்தை அறுக்கும் நொதிகள் அதிகம்.

10/
ஏன் மாறுது? பாம்புக்கு விஷம் நம்மைக் கொல்ல இல்லை, இரை பிடிக்க. எலி அதிகமா, தவளை அதிகமா, குட்டியா, பெரிய பாம்பா, இதையெல்லாம் பொறுத்துச் சமையல் மாறும். ராஜஸ்தான் விவசாயிக்கு நம்ம பக்கத்துப் பாம்பின் விஷத்தில் செய்த மருந்தை ஏத்தினா, முழுசா வேலை செய்யும்னு உறுதி சொல்ல முடியாது.

11/
ஜீன் ஆராய்ச்சியும் நடக்குது. 2020ல் இந்திய நல்ல பாம்பின் முழு மரபணுத் தொகுப்பை வெளியிட்டாங்க. நச்சுக்கான ஜீன்கள் 139. அதில் விஷச் சுரப்பியில் மட்டும் முக்கியமா வேலை செய்பவை 19. "இந்த 19ஐ அடக்கினால் போதுமே, குதிரை எதுக்கு?" என்பதுதான் புது மருந்துகளின் கனவு.

12/
அந்தக் கனவுக்குப் பலன் வருது, மறுக்கவே இல்லை. 2024ல் பல நாகக் குடும்பப் பாம்புகளின் நரம்பு நஞ்சை அடக்கும் ஒரே ஆன்டிபாடி. ஜனவரி 2025ல் டேவிட் பேக்கர் குழு கம்ப்யூட்டரில் வடிவமைத்த புரதங்கள். மே 2025ல், பல வருஷம் தனக்குத்தானே விஷம் ஏற்றிக்கொண்ட ஒரு அமெரிக்கரின் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடிகள். (தயவுசெய்து யாரும் வீட்டில் முயற்சி பண்ணாதீங்க.)

13/
ஆனா தலைப்பில் வராத ரெண்டு விஷயம். ஒண்ணு, இதெல்லாம் எலியில் நிரூபணம், மனுஷனுக்கு இன்னும் இல்லை. ரெண்டு, மூணுமே நாகக் குடும்பத்துக்கானவை. இந்தியாவில் அதிகம் கடிக்கும் கண்ணாடி விரியன் அந்தக் குடும்பமே இல்லை. அதன் விஷம் ஒரே நஞ்சு இல்லை, பல நொதிகளின் கூட்டுக்குழம்பு.

14/
விரியனுக்கும் பயன்படலாம் என்று வந்த மாத்திரை வரெஸ்ப்ளாடிப். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் நோயாளிகளிடம் சோதித்தாங்க. மொத்தமாகப் பார்த்தால் எதிர்பார்த்த வித்தியாசம் இல்லை. கடிபட்ட 5 மணி நேரத்துக்குள் எடுத்தவர்களிடம் மட்டும் நல்ல அறிகுறி தெரிந்தது. பார்த்தீங்களா? புது மருந்தும் கடைசியில் கடிகாரத்தைத்தான் காட்டுது.

15/
இங்கதான் என் கருத்து. வடதமிழகத்துப் பாம்பு விஷத்தில் செய்த மருந்து வேற எங்கேயும் விட நம்ம மாவட்டத்துக்குப் பொருந்த வாய்ப்பு அதிகம். நாட்டிலேயே அந்த விஷயத்தில் நாம கொடுத்து வைத்தவர்கள். பொருத்தமான மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் ஒருத்தர் சாகிறார்னா, குறை விஞ்ஞானத்தில் இல்லை, நாம வீணடிச்ச நேரத்தில்.

16/
நேரம் எங்கே போகுது? வேப்பிலை கசக்குதா, மிளகு காரமா இருக்கான்னு பார்ப்பதில். மந்திரிப்பதில். வேர் அரைத்துக் குடிப்பதில். கை உடைஞ்சா புத்தூர் கட்டுக்கு பஸ் ஏறும் பழக்கம் நம்ம பக்கம் உண்டு. அதே பழக்கத்தில் பாம்புக்கடிக்கும் ஆளைத் தேடிப் போறாங்க.

17/
"அங்கே போய் பிழைச்சாங்களே!" ஆமா, பிழைப்பாங்க. கடிப்பதில் பல விஷமில்லாத பாம்பு. விஷப்பாம்பும் சில சமயம் விஷம் இறக்காமல் கடிக்கும். அவர் வேர் கொடுத்தாலும் பிழைப்பார், வெறும் மோர் கொடுத்தாலும் பிழைப்பார். எது அப்படிப்பட்ட கடி என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

18/
ஆஸ்பத்திரியில் நாங்க செய்யும் சோதனை ரொம்ப எளிது. சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம். 20 நிமிஷம் அசைக்காமல் வைப்போம். உறையலைன்னா விரியன் விஷம் ஏறியிருக்குன்னு அர்த்தம். குழந்தைக்கும் பெரியவருக்கும் ஏ.எஸ்.வி. ஒரே அளவுதான். பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைக்காதே!

19/
அடுத்து எங்க தொழிலுக்கும் சொல்லணும். குதிரைப் புரதம் என்பதால் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரும். அந்தப் பயத்தில் முதல் டோஸ் போடாமலே "சென்னைக்குக் கொண்டு போங்க"ன்னு அனுப்புவது நடக்குது. இங்கிருந்து சென்னை 80 கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வாமைக்கு அட்ரீனலின் இருக்கு. போன நேரத்துக்கு மருந்து இல்லை. விஷம் ஏறியது தெரிந்தால் முதல் டோஸை ஆரம்பித்துவிட்டு அனுப்புவதுதான் சரி. அதுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தும் பயிற்சியும் தைரியமும் வேணும்.

20/
அரசிடம் கேட்பது ரெண்டு. விஷம் ஒரே மூலையிலிருந்து வரக்கூடாது. பல மாநிலங்களிலும் முறையான சேகரிப்பு மையம் வேணும். அந்த வேலைக்குப் பயிற்சி தர இருளர்களை ஆசிரியர்களாக அழைக்கணும், நியாயமான கூலியோடு. நாட்டுக்கே விஷம் எடுத்துக் கொடுக்கும் சமூகத்தில் பலர் இன்னும் பட்டா இல்லாமல், தரையில் படுத்துத் தூங்குவது நமக்கு அவமானம்.

21/
உங்களிடம் கேட்பது:
கடிபட்டால் கட்டு வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், ஐஸ் வேண்டாம்.
கை காலை எலும்பு முறிவுக்குப் போல அசையாமல் வைங்க. மோதிரம், மெட்டி, வளையல் கழற்றுங்க.
108. நேராகப் பக்கத்து அரசு மருத்துவமனை.
பாம்பைப் பிடித்து வர வேண்டாம். நாலுக்கும் மருந்து ஒண்ணுதான்.

22/
கட்டுவிரியன் ராத்திரியில், தரையில் படுத்தவரைக் கடிக்கும். வலியே இருக்காது, பல்தடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, இமை தொங்கல்னா பாம்பை நினைங்க. கட்டிலும் கொசுவலையும் கொசுவுக்கு மட்டும் இல்லை. வரப்பில் போறவங்க கையில் டார்ச், காலில் செருப்பு. ஆடிக் கிருத்திகைக்கு ராத்திரியில் வெறுங்காலோடு நடந்து வரும் காவடிக் கூட்டத்துக்கும் சொல்றேன்: செருப்பு வேண்டாம்னா பரவாயில்லை, முன்னால் போறவர் கையில் வெளிச்சம் இருக்கட்டும்.

23/
புது மருந்து வரட்டும். வந்தால் முதல் ஆளாக வாங்கிப் போடுவேன். ஆனா அது வரும் வரைக்கும் நம்ம உயிரைக் காப்பாத்துவது பொந்து பார்க்கத் தெரிந்த ஒரு இருளர், விஷம் வாங்கிக்கொண்ட ஒரு குதிரை, நேரத்தோடு வந்த ஒரு வண்டி. முதல் ரெண்டும் தங்கள் வேலையைச் செய்துட்டாங்க. மூணாவது நம்ம கையில்.