காற்றின் வாயில் ஒரு கரை



மால்ட்டாத் தீவின் மேற்குக் கரையில் ‘ஃபொம் இர் ரீஹ்’ என்றொரு சிறு குடா உண்டு. அந்நாட்டு மொழியில் அதற்குக் ‘காற்றின் வாய்’ என்று பொருள். வாகனப் பாதை மேட்டிலேயே முடிந்துவிடும். அப்பால், சரிவை ஒட்டி ஒருவர் பின் ஒருவராகவே நடக்க வேண்டிய ஒற்றையடிப் பாதை. இறங்கினால் களிமண் சரிவின் அடியில் கூழாங்கற்கள் நிறைந்த கரை. கடையும் இல்லை, விடுதியும் இல்லை. இருமருங்கும் சுண்ணாம்புப் பாறைகள் செங்குத்தாய் எழுந்து நிற்க, அவற்றின் அடியிலே கடல் குடைந்த குகைகளுள் அலை புகுந்து வெளிவரும் ஓசை மட்டுமே கேட்கும்.

உரோமையில் பயின்ற நாட்களில், ஒரு விடுமுறையின்போது அங்கே சென்றேன். தனிமையை நாடியே சென்றேன். மனிதர் இல்லாத இடத்தில் இறைவனை எளிதில் கண்டுகொள்ளலாம் என்பது அக்காலத்தில் என் எண்ணம். வேறொரு குழுவினர் பேசிக்கொண்டு அப்பாதையால் இறங்கி வந்தபோது எனக்கு எரிச்சலே உண்டாயிற்று என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அன்றிரவு திருத்தூதர் பணிகள் நூலின் 27ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். புனித பவுல் சென்ற கப்பல் உடைந்தது வடகிழக்குக் கரையில் என்பதே மரபு. அவர் பெயரைத் தாங்கிய அந்த விரிகுடாவைச் சூழ இன்று விடுதிகள் நிறைந்துள்ளன. லூக்காவோ குடாவின் பெயரைக் கூறவில்லை. மணற்கரையுள்ள ஒரு குடாவைக் கண்டார்கள், அவ்வளவே. ஆனால், எம் கரையோர மக்கள் வாசித்தால் தலையசைக்கும் விதத்தில் மற்றவற்றை எழுதியிருக்கிறார். எம் மீனவர் வாடைக்கொண்டல் என அஞ்சும் காற்றைப் போன்றதொரு பெருங்காற்று. பதினான்காம் இரவு நூல்விட்டு ஆழம் பார்க்கிறார்கள்: முதலில் இருபது பாகம், சற்றுப் பின் பதினைந்து. பாறையில் மோதிவிடுவோம் என்ற அச்சத்தில் பின்புறத்திலிருந்து நான்கு நங்கூரங்களை இறக்கிவிட்டு, விடியலுக்காக ஏங்குகிறார்கள். கப்பலில் இருந்தவர்கள் 276 பேர்.

செங்குத்துப் பாறைகளால் சூழப்பட்ட ஒரு தீவில், அத்தகைய காலையில், சிறியதொரு குடா எத்தகைய பொருள் பெறும் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். நான் அமைதிக்காகத் தேடிப்போன இடம் அவர்களுக்கு உயிர் தப்பும் ஒரே வாயில். அந்தக் கரையில் அன்று தனிமை இல்லை. நீந்தியும் பலகைகளைப் பற்றியும் கரையேறிய கைதிகள், படைவீரர், மாலுமிகள் என 276 பேர் மழையில் நனைந்து குளிரில் நடுங்கி நின்றார்கள். கைதிகளைக் கொன்றுவிட எண்ணிய படைவீரரும் அவர்களுள் இருந்தனர் என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

தீவினர் தீ மூட்டினார்கள். வந்தவர் யாரென விசாரித்த பின்னர் அல்ல. சிறிது நேரத்தில் பவுலின் கையைப் பாம்பு பற்றியதும், இவன் ஒரு கொலைகாரன் என்று அவர்களே முடிவுகட்டினார்கள். அப்போது தீ ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. அவர்கள் கிரேக்கம் அறியாதவர்கள். இன்றைய மால்ட்டா மக்களின் மொழியோ அரபு வழிவந்தது. கத்தோலிக்கரான அவர்கள் திருப்பலியிலே இறைவனை ‘அல்லா’ என்றே அழைக்கிறார்கள். முதன்முறை கேட்டபோது நான் திடுக்கிட்டேன்.

அச்சொல்லை மீண்டும் நினைக்கச் செய்த நிகழ்வு நம் நாட்டிலேயே நடந்தது. 2024 டிசெம்பர் 19ஆம் திகதி, முள்ளிவாய்க்கால் கடலில் ஒரு படகு வந்து சேர்ந்தது. அதில் மியன்மாரிலிருந்து தப்பிவந்த ரோஹிங்கியா மக்கள், சிறுவர்களும் கைக்குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். முதலில் கண்டவர்கள் மீனவர்கள். 2009 மே மாதத்தில் வெளியேற வழியின்றி எம் உறவுகள் நின்ற அதே கரை. எதையும் இழக்க மிச்சமில்லாத மக்கள் வாழும் கரை. அவர்கள் உணவும் நீரும் கொடுத்தார்கள்.

பின்னர் அப்படகினர் திருகோணமலைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். திருப்பி அனுப்புவதே முறை என்ற குரல்கள் எழுந்தன. அவை கொழும்பிலிருந்து மட்டும் எழவில்லை. ‘நமக்கே ஆயிரம் துன்பம், இதில் இவர்கள் வேறா?’ என்று நம் கத்தோலிக்க இல்லங்களிலும் கேட்டோம். நானும் இருமுறை கேட்டேன், நற்கருணை உட்கொண்டு வந்தவர்களின் வாயிலிருந்து. மண்டபம் முகாமில் பிறந்த பிள்ளைகளைப் பேரப்பிள்ளைகளாகக் கொண்ட மூதாட்டி ஒருவர்தாம் எனக்குப் பதிலாக மறுமொழி கூறினார்: “சாமி, நாங்கள் படகில போனபோது எங்களையும் அவை இப்படித்தானே பார்த்திருப்பினம்?”

பெப்ரவரி 10ஆம் திகதி மால்ட்டா திருச்சபை பவுலின் கப்பற்சேதத்தைப் பெருவிழாவாகக் கொண்டாடுகிறது. 2022 ஏப்ரலில் அங்கே சென்ற திருத்தந்தை பிரான்சிஸ், பவுல் தங்கியதாக நம்பப்படும் ரபாத் குகையில் செபித்துவிட்டு, அன்றைய நாளிலேயே புலம்பெயர்ந்தோர் தங்கியிருந்த நிலையத்துக்கும் சென்றார். குகையும் நிலையமும் ஒரே பயணத்தில்.

அடுத்த முறை உங்கள் குடும்பத்துடன் கடற்கரைக்குச் செல்லும்போது அந்த அதிகாரத்தைப் பிள்ளைகளுக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். 28ஆம் அதிகாரத்தின் முதற் பத்து வசனங்களையும் சேர்த்தே வாசியுங்கள். தீவின் தலைவர் புப்பிலியுவின் பெயர் அங்கே இருக்கிறது. மழையில் விறகு தேடிவந்து தீ மூட்டியவர்களின் பெயர்களை லூக்கா எழுதவில்லை.